கம்பில் ஓர் எழுத்து

1993-இல் என் புது வேலை என்ன என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். அதைவிடக் கஷ்டமான தொழில்நுட்பச் சொற்பொழிவை நான் அதற்கு முன்னும் ஆற்றியதில்லை, பின்னும் ஆற்றவில்லை. சான் டியேகோவில் இரவு பத்து மணி. உறையூரில் காலை, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள்.

“ஏரோப்ளேன் வேலை என்னடா ஆச்சு?”

“அது போயிடுச்சும்மா. இப்ப கோல்ஃப் கம்பெனி. கோல்ஃப் ஆடற மட்டைக்குக் கம்பு செய்யறோம்.”

டாலர் கணக்கில் ஓடிய ஒரு மௌனம்.

“கம்பு செய்யறதுக்கா எம்.எஸ். படிச்சே?”

“சாதாரணக் கம்பு இல்லேம்மா. கார்பன்ல செய்யறது.”

“கரியா?” என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “கரியில கம்பு செய்யறானாம்” என்று அறிவித்தது எனக்கும் கேட்டது.

வேதியியல்படி அம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் அதற்குப் பிறகும் பல வருஷங்கள் ஏரோப்ளேன் வேலையில்தான் இருந்தேன்.

வேலை போன கதை சின்னது. 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. அதன் ஒரு துண்டு மூன்று வருஷம் பயணம் செய்து கலிஃபோர்னியாவில் எங்கள் தலையில் வந்து விழுந்தது. போர் விமானமும் ஏவுகணையும் செய்து பிழைத்த ஊரில் ஆர்டர்கள் வற்றின. கார்பன் இழையோடு பழகிய எஞ்சினியர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்த தொழில் அப்போது அங்கே கோல்ஃப்தான். 1991-இல் காலவே நிறுவனம் ‘பிக் பெர்த்தா’ என்று பெரிய தலை வைத்த ஒரு ‘டிரைவர்’ மட்டையைச் சந்தைக்கு விட்டிருந்தது. தலை பெரிதானால் தண்டு இலேசாக வேண்டும், இலேசான தண்டு என்றால் கார்பன். கார்ல்ஸ்பாட் பக்கம் நேற்றுவரை இறக்கை அதிர்வைக் கணக்கிட்டவர்கள் எல்லாம், வார இறுதியில் பல் டாக்டர்கள் வீசப்போகும் கம்பின் அதிர்வைக் கணக்கிட உட்கார்ந்தார்கள்.

என் அடுத்த மேஜைக்காரர் ஏவுகணை மூக்குகளில் பதினைந்து வருஷம் கழித்தவர். “அங்கே நாம் செய்த சாமான் ஒரு தடவைதான் பறக்கும். திரும்பி வந்து யாரும் குறை சொல்லமாட்டார்கள். இங்கே திங்கட்கிழமை காலையிலேயே போன் வந்துவிடுகிறது” என்பார்.

விளம்பரங்களில் ‘விண்வெளித் தொழில்நுட்பம் உங்கள் கையில்’ என்று போடுவோம். கூசாமல்தான் போடுவோம், ஆனால் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்திலும் ஜப்பானின் ஒசாகாவிலும் நல்ல கார்பன் இழை பிறந்தபோது, முதலில் ஆசையாக ஓடிவந்தது விமானத் தொழில்தான். ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஆர்.பி.211 எஞ்சினுக்குக் கார்பன் விசிறி செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க ஒரு செத்த கோழியை அதன்மீது எறிந்தார்கள். தாங்கவில்லை. டைட்டானியத்துக்கு மாறினார்கள். அந்த எஞ்சினின் செலவு கழுத்தை நெரித்து 1971-இல் நிறுவனமே திவாலானது. விமானக்காரர்கள் இப்படி ஒரு கோழியைக் கண்டு தயங்கி நின்ற வருஷங்களில், ரொக்கம் கொடுத்து அந்த இழையை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் தூண்டில்காரர்களும் கோல்ஃப்காரர்களும். விண்வெளியிலிருந்து கோல்ஃபுக்கு வந்தது என்கிறோம். மீன்பிடித் தூண்டிலில் தவழ்ந்துதான் அது விமானத்தில் ஏறியது.

இதில் ஷேக்ஸ்பியருக்கும் பங்கு உண்டு. நாடகம் எழுதியவர் இல்லை, தூண்டில் செய்த அமெரிக்கக் கம்பெனி. கண்ணாடி இழையில் தூண்டில் சுற்றிப் பழகிய கை, கோல்ஃப் தண்டும் சுற்றிப் பார்த்தது. 1965-இல் கேரி பிளேயர் அந்தத் தண்டுகளோடு யு.எஸ். ஓபனை வென்றார். 1969-இல் அங்கே வேலை பார்த்த ஃப்ராங்க் தாமஸ் கார்பனில் தண்டு செய்தார். பிறகு அதே தாமஸ் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராகி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மற்றவர்கள் கண்டுபிடித்து எடுத்துவந்ததற்கெல்லாம் அனுமதி உண்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கும் முந்தைய காலத்தில் கம்பு என்றால் நிஜமாகவே கம்பு. ஹிக்கரி மரம். நன்றாக வளையும். முறுக்கினால் அதைவிட நன்றாகத் திரும்பும், அதுதான் சங்கடம். வீசும்போது தலை ஒரு பக்கம் திரும்ப, ஆடுபவர் அதை மணிக்கட்டால் சமாதானப்படுத்தி இழுத்து வரவேண்டும். ஒரு மரத்தின் கம்பு மாதிரி இன்னொன்று இருக்காது. எஃகுத் தண்டு வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்று யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அமெரிக்கச் சங்கம் 1924-இல் அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் 1929 வரை இழுத்தடித்தார்கள். வேல்ஸ் இளவரசரே எஃகுத் தண்டோடு அவர்கள் மைதானத்தில் வந்து ஆடியதால்தான் மனம் இளகினார்கள் என்பார்கள். மறு வருஷமே பாபி ஜோன்ஸ் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார், ஹிக்கரியை வைத்துக்கொண்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. அந்தக் காலத்து எஃகுத் தண்டுகளில் பலவற்றுக்கு மரநிறத்தில் உறை போட்டு விற்றார்கள், தூரத்தில் பார்த்தால் ஹிக்கரி மாதிரியே தெரியும். முதல் தடவை ஒரு பழைய பொருள் கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது சிரித்தேன். அதைவிடப் பெரிய வேஷத்தை எங்கள் ஆலையில் நானே போட்டுவிட்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

கார்பன் தண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஏதோ பெரிய யந்திரத்தை எதிர்பார்க்கிறார்கள். எங்கள் ஆலைக்குள் முதல் நாள் நுழைந்தபோது எனக்கு உறையூர்ச் சுருட்டுக் கொட்டகை ஞாபகம் வந்தது. நீள மேஜைகள், வரிசையாகப் பெண்கள், எல்லோர் கையும் எதையோ சுருட்டிக்கொண்டிருந்தது. கார்பன் இழைகள் எபாக்ஸிப் பிசினில் தோய்ந்து, மெழுகுக் காகிதத்தில் ஒட்டிய துணிச்சுருளாக வரும். ப்ரீப்ரெக் என்று பெயர். தோசை மாவு மாதிரிதான் அது. குளிர்பெட்டியில் இருக்கும்வரை பத்திரம். வெளியே எடுத்து வைத்தால் நாள் கணக்கில் மெல்ல மெல்லப் ‘புளித்து’, பிறகு ஒட்டாது. அதிலிருந்து நீண்ட கொடிபோலத் துண்டுகள் வெட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த எஃகுக் கம்பியில், துண்டின் ஓரத்தைச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் தடவி ஒட்டவைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே கொடுத்தால் ஒரு நொடியில் சுருண்டுவிடும். அடுத்த துண்டு, அதன்மேல் அடுத்த துண்டு. மேலே ஒளிபுகும் டேப்பை இறுக்கிச் சுற்றி அடுப்பில் தொங்கவிட்டால், டேப் சுருங்கி நெருக்க, பிசின் வெந்து கல்லாகிவிடும். கம்பியை உருவி, டேப்பை உரித்து, தேய்த்து, பெயின்ட் அடித்தால் தண்டு.

எஞ்சினியரின் வேலை துண்டுகளின் சாய்வில் இருக்கிறது. தண்டின் நீளவாக்கில் இழை ஓடினால் வளைவதற்கு எதிராக நிற்கும். முறுக்குக்கு எதிராக நிற்க, 45 டிகிரி சாய்வில் இரண்டு துண்டுகள் வேண்டும், ஒன்று இடப்பக்கம் சாய, மற்றது வலப்பக்கம் சாய. வலம் முறுக்கினால் ஒன்று இழுபட்டுத் தடுக்கும், இடம் முறுக்கினால் மற்றது. நுனியில் சுண்டுவிரல் கனமே உள்ள இடத்துக்கு முக்கோணமாய் ஒரு கூடுதல் துண்டு. எஃகில் வளைவையும் முறுக்கையும் பிரிக்க முடியாது, ஒன்று கூடினால் மற்றதும் கூடும். கார்பனில் இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். மரத்துக்கும் எஃகுக்கும் கிடைக்காத சுதந்திரம் அது. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன்.

சேர்ந்து இரண்டாவது மாதம், புதுத் தண்டு ஒன்றுக்குத் துண்டு வரைபடம் போட்டேன். சாய்வுத் துண்டுகளில் ஒன்றை இழைப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தேன், மற்றதைக் காகிதப் பக்கத்திலிருந்து. காகிதத்தை உரித்து ஒட்டினால் இரண்டும் ஒரே பக்கம் சாயும். சுருட்டும் மேஜையில் அறுபதை நெருங்கிய ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘தீத்தா’, அவர்கள் மொழியில் அத்தை. மூன்றாவது தண்டிலேயே கையை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். “இரண்டும் ஒரே பக்கம் போகிறதே தம்பி, எப்போதும் கத்தரிக்கோல் மாதிரி அல்லவா வரும்?” என்று இரண்டு விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டினார். நான் எம்.எஸ். படித்தவன். வரைபடத்தைப் பார்த்தேன், வரைபடம் சரியாக இருந்தது. “புது டிசைன்” என்றேன்.

தீத்தா தோளைக் குலுக்கிவிட்டு நாற்பது தண்டுகளைச் சுருட்டித் தந்தார். அடுப்பிலிருந்து வந்தவை பார்க்க அம்சமாக இருந்தன. ஓர் அடி-பவுண்டு முறுக்கு கொடுத்தால் நுனி எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதுதான் சோதனை. நாலு டிகிரி எதிர்பார்த்தேன். முள் ஒன்பதைத் தாண்டியது. அறுபது வருஷத்தைத் திரும்ப நடந்து, ஹிக்கரியை நோக்கி நான் நல்ல தூரம் போயிருந்தேன். வெந்தது வெந்ததுதான், பிரிக்க முடியாது. நாற்பது தண்டுகளும் ஊழியர்கள் வீட்டுத் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுக்கப் போயின. என் வீட்டு அவரைக்கொடிக்கு இரண்டு வந்தன. முப்பது வருஷமாக வெயிலில் நிற்கின்றன, கொடி எந்தப் பக்கம் முறுக்கினாலும் குறை சொன்னதில்லை. தீத்தா அதற்குப் பிறகு என் வரைபடம் எதையும் இரண்டு விரலைக் குறுக்காக வைத்துக் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்.

இனி எழுத்து விஷயம். தண்டு எவ்வளவு விறைப்பு என்பதற்கு எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் அச்சடிப்பார்கள். எல் பெண்களுக்கு, ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு, எக்ஸ் அதிவிறைப்பு. ஏ என்பது அமெச்சூரின் முதல் எழுத்து என்றாலும், அது கிழவர்களுக்கு என்று ஊருக்கே தெரியும். இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் ஆலையில் பருத்த முனையை இடுக்கியில் பிடித்து, நுனியில் எடை மாட்டி, சுண்டிவிட்டு அதிர்வை எண்ணுவோம். நிமிடத்துக்கு 250 பக்கம் வந்தால் ஆர். பத்து கூடினால் எஸ். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் 255-க்கே எஸ் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் விற்பனைப் பிரிவு ஒரே வாரத்தில் நம் எஸ்ஸையும் ‘திருத்தி’க்கொண்டது. தண்டு மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

கடையில் வாங்க வருபவர் தண்டை எடுத்து நடுவானில் இரண்டு ஆட்டு ஆட்டுவார். சிலம்பக் கம்பு வாங்கும் என் பெரியப்பாவும் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார். ஆனால் பெரியப்பாவுக்குக் கம்பு தெரியும். இவர் இரண்டு ஆட்டுக்குப் பிறகு குனிந்து எழுத்தைப் படிப்பார். எஸ் என்று இருந்தால் முகம் மலரும். ஒரு தடவை ஆலையிலேயே எட்டு பேரைக் கூப்பிட்டு, எழுத்துகளின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, அடித்துப் பார்த்து எது எது என்று சொல்லச் சொன்னோம். எல்லோரும் தண்டு செய்யும் கம்பெனிக்காரர்கள். சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கணக்குப் பிரிவு, அவர் அன்றைக்குத்தான் முதல்முறை கோல்ஃப் மட்டையைத் தொட்டார். தப்பாகச் சொன்ன ஐவரில் நானும் உண்டு.

அடி விழும்போது தலையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். பட்ட செய்தி தண்டு வழியாக உள்ளங்கைக்கு ஏறி வருவதற்குள் பந்து கிளம்பிப் போய்விட்டிருக்கும். தண்டு செய்யவேண்டியதெல்லாம் அதற்கு முன்னால் கீழே வரும் வழியில்: முதலில் பின்னால் வளைந்து, கடைசியில் முன்னால் நிமிர்ந்து, தலையை எந்தக் கோணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான். ‘விறைப்பான தண்டு பந்தை உதைக்கிறது’ என்று நாங்கள் விளம்பரத்தில் எழுதுவோம். எழுதியவர்களில் ஒருவனுக்காவது உண்மை தெரியும். சம்பளம் வந்துகொண்டிருந்தது.

1996 வாக்கில் ஒரு கூட்டம். ஏ தண்டுகள் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. அறுபது வயதுக்காரர்களின் கைவேகத்துக்கு அதுதான் பொருத்தம், ஆனால் ஏ போட்ட தண்டோடு நண்பர்கள் முன்னால் போய் நிற்க எந்த அறுபது வயதுக்காரரும் தயாரில்லை. ஆர் வாங்கிக்கொண்டு, பந்து மேலே எழும்பவில்லை என்று திட்டினார்கள். என்ன செய்வது என்று எல்லோரும் விரலைக் கடித்தபோது, மேஜையின் கடைக்கோடியிலிருந்து நான் சொன்னேன்: “ஆர்-2 என்று போடலாமே?”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு விற்பனை மேலாளர் எழுந்து வந்து கைகொடுத்தார். முதியோரை மூத்த குடிமக்கள் ஆக்கியதுபோலத்தான். ஆரும் இருக்கிறது, கூடவே ஒரு எண்ணும் இருக்கிறது, ஒன்றைவிட இரண்டு பெரிதாகவும் இருக்கிறது. கிடங்கில் இருந்தவற்றுக்கே பெயின்ட் சுரண்டி மறுபடி அச்சடித்தோம். அந்தக் கோடைக்குள் தீர்ந்துபோயின. ஓர் இழையைக்கூட நான் மாற்றவில்லை. இப்படி யோசித்தவன் உலகில் நான் ஒருவன்தான் என்று சொல்லமாட்டேன், இந்தத் தொழிலில் இதே சங்கதி பல பெயர்களில் நடந்திருக்கிறது. ஆனால் எங்கள் ஆலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பலகை இதற்குத்தான். சாய்வுக் கோணங்களில் நான் பாடுபட்டு மிச்சப்படுத்திய பதினோரு கிராமுக்கு ஒரு காபிகூட யாரும் வாங்கித் தரவில்லை.

இதற்கிடையில் 2000-இல் டைகர் வுட்ஸ் யு.எஸ். ஓபனைப் பதினைந்து அடி வித்தியாசத்தில் வென்றார். அவருடைய டிரைவரில் இருந்தது எஃகுத் தண்டு. அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஆலையில் யாரும் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. சுருட்டும் மேஜைகள் எல்லை தாண்டித் திஹுவானாவுக்குப் போயின, அங்கிருந்து சீனாவுக்கும் வியட்நாமுக்கும். எங்கள் கட்டடத்தில் இப்போது பீர் காய்ச்சுகிறார்கள். எங்கள் குளிர்பெட்டி அறை அவர்களுக்கு அப்படியே பயன்பட்டதாம். நான் பென்சிலால் போட்ட கணக்கை இப்போது கணினி, தண்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் தனித்தனியாகப் போடுகிறது. எஃகில் 120 கிராம் இருந்த டிரைவர் தண்டு ஒரு கோழிமுட்டை எடைக்கு வந்துவிட்டது. (கோழி கடைசியில் பழி தீர்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.) அன்று ‘கரியா?’ என்று அம்மா கேட்டதற்கு நான் கூனிக்குறுகினேன். இன்று கோல்ஃப் மைதானத்தில் பல் டாக்டர்கள் இழையின் வகையெண்ணைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிறார்கள், எத்தனை டன் இழை என்று காய்கறி விலைபோல விசாரிக்கிறார்கள். விலை சில நூறு டாலர். தலை தனி.

ஆட்டிப் பார்த்து வாங்கும் பழக்கமும் போய்விட்டது. போன மாதம் தண்டு மாற்றலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். வலை கட்டிய ஓர் அறை, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ராடார் பெட்டி. இருபத்தைந்து வயதுப் பையன், கையில் பலகைக் கணினி. ஏழு பந்துகள் அடித்தேன். திரையில் தலை வேகம், பந்து வேகம், எழும்பும் கோணம், சுழற்சி என்று என் முதுமை தசம சுத்தமாக வந்து விழுந்தது. தலை வேகம் மணிக்கு 82 மைல். தண்டு செய்துகொண்டிருந்த காலத்தில் 95 இருந்தது என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். அவன் கேட்கவில்லை.

நாலைந்து தண்டுகளை மாற்றி மாற்றி மாட்டினான். இந்தத் தொழிலில் இருந்தவன் என்று நானாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுத்தைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானமாக இருந்தேன். ஐந்தாவது தண்டில் பந்து அழகாக எழும்பி, நடுவில் நின்று யோசிக்காமல் போனது. “இதுதான்” என்றேன்.

“எனக்கும் அதுதான் தோணிச்சு சார். இது ஆர்-2.” கொஞ்சம் தயங்கினான், பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்ட தயக்கம். “ஆர்தான். அதிலேயே கொஞ்சம் நவீனமானது.”

உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆர்தானே. அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விலாசத்தோடு தெரியும். அந்தக் கூட்டம், அந்த மேஜையின் கடைக்கோடி, என் அலமாரியில் இருக்கும் பலகை. தெரிந்தும் வந்தது.

தண்டைக் கையில் வாங்கினேன். பிடிக்குக் கொஞ்சம் கீழே வெள்ளியில் எழுத்தும் எண்ணும். ஆட்டத்தில் என்னோடு வருபவர்கள் மூன்று பேர், ஒருவர் எழுபத்திரண்டு வயதில் எஸ் வைத்திருப்பவர். அவர் மட்டையைப் பையிலிருந்து உருவும்போது எழுத்து எப்போதும் வெளிப்பக்கம்தான் இருக்கும்.

பையன் என் கண் போன இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான்.

“ஒட்டும்போது எழுத்து கீழ்ப்பக்கம் போற மாதிரி திருப்பி ஒட்டித் தரட்டுமா சார்? ஆட்டத்துக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் கேட்கிறாங்க.”

“அப்படியே செய்துவிடு” என்றேன்.